தலைநகரங்களின் கதை – 6: பாடலிபுத்திரத்தின் மூன்று பகைகள்

பொருள் தேடிப் பிரிந்து போன கணவன் திரும்பி வருகிறான் என்று ஒரு பாணன் சேதி கொண்டுவருகிறான். அவளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. நேரில் பார்த்தாயா, பிறர் சொல்லிக் கேள்விப்பட்டாயா என்று அவனைத் துருவுகிறாள். சேதி மெய்யாக இருந்தால் அவனுக்கு என்ன பரிசு தகும்? யானைகள் சோணை ஆற்றில் இறங்கிக் குளிக்கிற, பொன் கொழிக்கிற பாடலி நகரமே உனக்குக் கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிறாள். குறுந்தொகையின் 75ஆம் பாட்டு இது. பாடியவர் படுமரத்து மோசிகீரனார்.

தமிழ் நிலத்து வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒருத்தியின் வாயில், ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஊரின் பெயரும் அந்த ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரும் பிசகாமல் வருகின்றன. அகநானூற்றில் மாமூலனாரும் அதே ஊரைப் பேசுகிறார். நந்தர்கள் சேர்த்துவைத்துக் கங்கை நீருக்கடியில் ஒளித்த செல்வம் கிடைப்பதாக இருந்தாலும் தலைவன் இத்தனை நாள் பிரிந்திருப்பானா என்று அவருடைய தலைவி ஏங்குகிறாள். கைக்கு எட்டாத செல்வத்துக்கு உவமை வேண்டும் என்றால் சங்கப் புலவர்களுக்குப் பாடலி நினைவுக்கு வந்தது.

சென்ற அத்தியாயத்தில் மகத மன்னன் அஜாதசத்துருவை ராஜகிருகத்தின் ஐந்து மலைகளுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். மலைகளே மதிலான ஊர் அது. அந்தப் பாதுகாப்பை விட்டு, வெள்ளம் புரளும் ஆற்றங்கரைக்கு மகதம் ஏன் இடம் மாறியது? அந்தக் கேள்வியிலிருந்து இந்த வாரக் கதை தொடங்குகிறது.

அமைச்சர் கேட்டுவந்த பதில்

கங்கைக்கு வடகரையில் வஜ்ஜிகளின் நாடு. வைசாலி அதன் தலைநகர், லிச்சவிகள் அதன் முதன்மைக் குடியினர். அங்கே தனி ஒருவனின் முடியாட்சி கிடையாது. குடித்தலைவர்கள் மன்றத்தில் கூடிப் பேசி நாட்டை நடத்தினார்கள். அஜாதசத்துருவுக்கு அந்த நாட்டின் மேல் கண். படையெடுத்தால் வெல்ல முடியுமா என்று அறிந்துவர, தன் அமைச்சர் வஸ்ஸகாரரைப் புத்தரிடம் அனுப்பினான்.

புத்தர் அமைச்சருக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஆனந்தரிடம் கேள்விகள் கேட்டார். வஜ்ஜிகள் அடிக்கடி கூடிப் பேசுகிறார்களா? ஒன்றாகக் கூடி ஒன்றாகவே கலைகிறார்களா? பழைய சட்டங்களைப் போற்றுகிறார்களா? முதியவர்களை மதிக்கிறார்களா? பெண்களைக் கவர்ந்து செல்லாமல் இருக்கிறார்களா? இப்படி ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றார் ஆனந்தர். இந்த ஏழும் இருக்கும்வரை வஜ்ஜிகளுக்கு வளர்ச்சி உண்டு, வீழ்ச்சி இல்லை என்று முடித்தார் புத்தர். வஸ்ஸகாரருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. படையால் ஆகாது, ஒற்றுமையை உடைத்தால்தான் உண்டு.

அதன் பிறகு வைசாலியில் என்ன நடந்தது என்பதைப் பாலி உரை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. வஜ்ஜிகளுக்காகப் பரிந்து பேசியதால் மன்னன் விரட்டிவிட்டான் என்று நடித்து வஸ்ஸகாரர் அங்கே போய்ச் சேர்ந்தார். லிச்சவிகள் நம்பிப் பதவியும் கொடுத்தார்கள். அவர் செய்த வேலை மிகச் சிறியது. சபை கலையும்போது ஒருவரை மட்டும் தனியே அழைப்பார். "உங்கள் பக்கம் வயல் உழுகிறார்களா?" என்று கேட்பார். "ஆம், உழுகிறார்கள்." "இரண்டு மாடு பூட்டியா?" "ஆம், இரண்டு மாடுதான்." அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்தவரிடம் அமைச்சர் என்ன கேட்டார் என்று மற்றவர்கள் விசாரிப்பார்கள். வயல் உழுவதைப் பற்றிக் கேட்டார் என்று அவர் உள்ளதைச் சொல்வார். யார் நம்புவார்கள்? இவன் எதையோ மறைக்கிறான் என்று முகம் திருப்பிக்கொள்வார்கள். மூன்றே ஆண்டில் இரண்டு லிச்சவிகள் ஒரே வழியில் நடப்பதுகூட நின்றுபோனது. மகதப் படை வருகிறது என்று முரசு அறைந்தபோது ஒருவரும் வரவில்லை. திறந்து கிடந்த வாயில்கள் வழியே அஜாதசத்துரு உள்ளே நுழைந்தான்.

கோட்டை எழும்போதே சொன்ன எச்சரிக்கை

இந்தப் பகையின் நடுவில் பிறந்த ஊர்தான் பாடலி. கங்கையின் தென்கரையில், சோணை வந்து கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், படகுத் துறையோடு கூடிய ஒரு கிராமம். வஜ்ஜிகளைத் தடுக்க அங்கே ஒரு கோட்டை கட்டும்படி அஜாதசத்துரு ஆணையிட்டான். வேலையை மேற்பார்த்தவர்கள் சுனிதரும் அதே வஸ்ஸகாரரும்.

புத்தர் தம் இறுதிப் பயணத்தில் அந்த வழியாக வந்தார். கட்டி முடியாத கோட்டையைப் பார்த்துவிட்டு ஆனந்தரிடம் இரண்டு சொன்னார். வணிகரும் சான்றோரும் கூடும் இடங்களில் இதுவே தலையாய நகரமாகும் என்பது முதலாவது. இந்த நகரத்துக்கு மூன்று அபாயங்கள் உண்டு, அவை தீ, வெள்ளம், உட்பகை என்பது இரண்டாவது. மகாபரிநிப்பான சுத்தம் என்ற பாலி நூல் இதைப் பதிவு செய்திருக்கிறது.

அன்று அமைச்சர்கள் இருவரும் அவருக்கு உணவளித்தார்கள். அவர் எந்த வாயிலால் வெளியேறுகிறாரோ அதற்குக் கௌதம வாயில் என்றும், எந்தத் துறையில் கங்கையைக் கடக்கிறாரோ அதற்குக் கௌதமத் துறை என்றும் பெயரிட எண்ணிப் பின்னாலேயே நடந்தார்கள். கங்கை கரை வரைக்கும் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. ஓடம் தேடுகிறவர்களும் கட்டுமரம் கட்டுகிறவர்களுமாகக் கரையே பரபரப்பாக இருந்ததாம். ஊர் உருவாவதற்கு முன்பே அதன் வாசலில் வெள்ளம் நிற்பதை அந்தக் காட்சியில் பார்க்கலாம்.

அஜாதசத்துருவின் மகன் உதாயி தலைநகரையே இங்கே மாற்றினான். அவனைப் பற்றிச் சமணர்கள் ஓர் இனிய கதை சொல்வார்கள். கங்கைக் கரையில் பூத்து நின்ற ஒரு பாடலி மரத்தில் ஒரு பறவை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது. பூச்சிகள் தாமாகவே வந்து அதன் வாயில் விழுகின்றன. இந்த இடத்தில் இருக்கிறவனுக்குச் செல்வம் தேடாமலே வரும் என்று நிமித்திகர்கள் பலன் சொல்ல, அங்கே நகரம் எழுந்தது. கதை கதையாக இருக்கட்டும். கங்கையும் சோணையும் எதிர்க்கரையில் கண்டகியும் கூடுகிற இடத்தில் சுங்கச்சாவடி வைத்தவனுக்குச் செல்வம் தானாக வரும் என்பது கணக்கு. படைக்கு அகழி, வணிகத்துக்குப் பெருவழி, வயலுக்கு வண்டல் என்று மூன்றையும் ஆறுகளே கொடுத்தன. மலையை விட்டு மகதம் ஆற்றுக்கு வந்ததன் காரணம் இதுதான்.

மரத்தால் ஒரு மதில்

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில், சந்திரகுப்த மௌரியரின் அவைக்குக் கிரேக்க மன்னன் செலூக்கஸ் அனுப்பிய தூதராக மெகஸ்தனிஸ் வந்தார். அவர் எழுதிய இண்டிகா முழுதாகக் கிடைக்கவில்லை. ஸ்டிராபோ, அரியன் போன்ற பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளே நமக்கு மிச்சம். அவற்றில் பாலிபோத்ரா என்ற பெயரில் நம் நகரம் நிற்கிறது. 80 ஸ்டேடியா நீளம், 15 ஸ்டேடியா அகலம். இன்றைய அளவில் சுமார் 14 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும். சுற்றிலும் 600 அடி அகலமும் 30 முழ ஆழமும் கொண்ட அகழி. அம்பு எய்யத் துளைகள் விட்ட மர மதில். அதில் 570 கோபுரங்கள், 64 வாயில்கள்.

இவ்வளவு பெரிய பேரரசின் தலைநகருக்கு மர மதிலா என்று நமக்குத் தோன்றும். அதற்கும் அரியன் வழியாகக் காரணம் கிடைக்கிறது. ஆற்றங்கரை ஊர்களையும் தாழ்ந்த நிலத்து ஊர்களையும் இந்தியர்கள் மரத்தால் கட்டுவார்கள்; மழையிலும் வெள்ளத்திலும் செங்கல் நிற்காது; மேட்டு நிலத்தில் மட்டுமே செங்கல்லும் மண்ணும். வெள்ளத்துக்கு அஞ்சி மரத்தை எடுத்தார்கள். மரத்தை எடுத்த அன்றே தீக்குக் கதவு திறந்துவிட்டார்கள். முதல் இரண்டு அபாயங்களும் ஒன்றின் கையை ஒன்று பிடித்திருக்கின்றன.

அந்த மதிலை நாம் கண்ணாலேயே பார்க்கக் கிடைத்தது. பாடலிபுத்திரம் நின்ற இன்றைய பாட்னாவில் புலந்தி பாக் என்ற இடத்தில் 1915இல் தொடங்கிய அகழாய்வும், 1926–27இல் நடந்த அகழாய்வும், இணையாக ஓடும் இரண்டு வரிசை மரச்சுவரை வெளியே கொண்டுவந்தன. நிமிர்த்தி நட்ட சால மரத் தடிகள்; இரண்டு வரிசைக்கும் நடுவே, தரையில் குறுக்காக அடுக்கிய கனத்த கட்டைகள். வெளிப்பட்ட நீளம் மட்டும் 450 அடி. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த மரம் எப்படி உளுத்துப்போகாமல் இருந்தது? நீரில் ஊறிய களிமண்ணுக்குள் காற்று புகாது. காற்று புகாத இடத்தில் மரத்தைத் தின்னும் உயிர்களுக்கு வேலை இல்லை. எந்த வெள்ளத்துக்கு அஞ்சி அந்த மதிலைக் கட்டினார்களோ, அந்த வெள்ளத்தின் ஈரமே அதைக் காத்துக் கொடுத்திருக்கிறது.

அறுவகைக் குழுவும் தண்ணீர்க் குடங்களும்

நகரத்தை 30 பேர் நிர்வகித்தார்கள், ஐவர் ஐவராக ஆறு குழுக்கள் என்கிறார் மெகஸ்தனிஸ். ஒரு குழு கைத்தொழில்களைப் பார்த்தது. இன்னொன்று பிறப்பு இறப்புக் கணக்கை எழுதியது. மூன்று குழுக்கள் அளவை, விற்பனை, வரி ஆகியவற்றைக் கவனித்தன. வெளிநாட்டாருக்கென்றே ஒரு குழு இருந்தது. வந்தவருக்குத் தங்க இடம் தந்து, நோயுற்றால் மருத்துவம் பார்த்து, இறந்தால் அடக்கம் செய்து, அவர் விட்டுப்போன பொருளை உறவினருக்குச் சேர்ப்பது அதன் கடமை. தானே வெளிநாட்டாராக அங்கே தங்கியிருந்தவர் எழுதிய வரிகள் அவை. அந்த அக்கறையை அவர் நேரில் கண்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீயைப் பற்றிய பயம் அர்த்தசாத்திரத்தில் தெரிகிறது. இந்த நூல் இன்றைய வடிவை அடைய நெடுங்காலம் ஆகியிருக்கும் என்பது பல அறிஞர்களின் கருத்து. என்றாலும், மர வீடுகள் நெருங்கிய நகரத்தை ஆள்கிறவனின் கவலை அதன் நகர அதிகாரி பற்றிய பகுதியில் அப்படியே இருக்கிறது. கோடையில் நடுப்பகல் நேரத்தில் வீட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் நீர்க் குடங்களும், ஏணியும், கோடரியும், எரியும் கூரையை இழுத்துத் தள்ளக் கொக்கியும், தோல் பையும் தயாராக இருக்க வேண்டும். தீயோடு வேலை செய்கிற தொழிலாளிகள் எல்லாரும் ஒரே பகுதியில் குடியிருக்க வேண்டும். பெருந்தெருக்களிலும் நாற்சந்திகளிலும் வாயில்களிலும் ஆயிரக்கணக்கில் தண்ணீர்க் குடங்களை வரிசையாக வைக்க வேண்டும். தீப்பிடித்த வீட்டுக்கு உதவ ஓடிவராத வீட்டுக்காரனுக்கு 12 பணம் அபராதம். வாடகைக்கு இருப்பவனுக்கு அதில் பாதி. வெள்ளத்துக்கும் இதேபோல் விதி உண்டு. மழைக்காலத்தில் ஆற்றோரம் குடியிருப்போர் மேட்டுக்குப் போய்விட வேண்டும். பலகை, மூங்கில், ஓடம் ஆகியவற்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

வரிசையாகக் குடங்கள் வைத்த அந்தத் தெருவை ஒரு கணம் மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். சித்திரை வெயில், காய்ந்த மரச் சுவர்கள், ஒவ்வொரு முனையிலும் நிறை குடங்கள். தீயையும் வெள்ளத்தையும் எதிர்பார்த்தே அந்த நகரம் நாள்தோறும் உறங்கி எழுந்தது. எதிர்பார்த்த பகையை எதிர்கொள்ளச் சட்டம் இருந்தது, கருவி இருந்தது, அண்டை வீட்டானின் கடமையும் இருந்தது.

இந்த நகரத்திலிருந்துதான் அசோகரின் ஆணைகள் கிளம்பின. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் கிடைக்க ஏற்பாடு செய்ததாக அவர் பாறையில் வெட்டிய இடத்தில், தம் எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி ஆகிய பெயர்களைச் சொல்கிறார். சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு அதியமானைச் சதியபுதோ என்று அழைத்ததும் விவாதம் முடிவுக்கு வந்தது. பாடலியின் பெயர் தமிழ்ப் பாட்டில். தமிழ் அரசர்களின் பெயர் பாடலி மன்னரின் பாறையில். அந்த உறவு இருவழிப்பட்டது.

மூன்றாவது பகை

உட்பகைக்கு மட்டும் குடம் வைக்க யாராலும் முடியவில்லை.

அஜாதசத்துரு தன் தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரியணை ஏறியவன் என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். இலங்கையின் மகாவம்சம் அதற்குப் பின்னும் கணக்குச் சொல்கிறது. அவனை அவன் மகன் உதாயி கொன்றான். உதாயியை அவன் மகன், அவனை அவன் மகன், அவனையும் அவன் மகன் என்று தந்தையைக் கொன்றவர்களாகவே ஐந்து தலைமுறை. கடைசியில் குடிமக்கள் பொறுமை இழந்து அந்தக் குலத்தையே விரட்டிவிட்டு, அமைச்சன் சிசுநாகனை மன்னனாக்கினார்களாம். அடுத்து வந்த நந்தர்கள் பெரும் செல்வம் சேர்த்தார்கள். அந்தச் செல்வத்தின் புகழ் மாமூலனார் வரை எட்டியது. ஆனால் குடிகளின் அன்பைச் சேர்க்கவில்லை. சந்திரகுப்தன் அவர்களை வீழ்த்தினான். அவன் நிறுவிய மௌரியப் பேரரசின் கடைசி மன்னன் பிருகத்ரதனை, கி.மு. 185ஐ ஒட்டி, படை அணிவகுப்பைப் பார்வையிட வந்த இடத்தில் அவனுடைய படைத்தலைவன் புஷ்யமித்திர சுங்கனே கொன்றான். 570 கோபுரங்களும் அப்போது மதிலில்தான் இருந்தன. எதிரி மதிலுக்கு வெளியே இருந்தால் அல்லவா அவை பயன்படும்?

அதன் பிறகு வெளியாரும் வந்தார்கள். யவனர் படை குசுமத்துவஜம் என்ற பாடலிபுத்திரம் வரை வந்ததாக யுகபுராணம் சொல்கிறது. அவர்களும் நிலைக்கவில்லை, தமக்குள்ளேயே மூண்ட கொடும் போரால் திரும்பிப் போனார்கள் என்று அதே நூல் சொல்கிறது. கலிங்கத்துக் காரவேலன் தன் யானைகளைக் கங்கையில் நீர் குடிக்க வைத்ததாகவும், மகத மன்னனைப் பணிய வைத்ததாகவும், நந்தர்கள் முன்பு எடுத்துச் சென்ற தீர்த்தங்கரர் திருவுருவை மீட்டுக்கொண்டு போனதாகவும் அத்திகும்பா கல்வெட்டில் பொறித்திருக்கிறான். வயல் உழுவதைப் பற்றிக் கேட்டே ஒரு நாட்டை உடைத்தவர் வஸ்ஸகாரர். அவர் கட்டிய கோட்டையின் உள்ளே அதே விதை விழுந்து, தலைமுறை தலைமுறையாக முளைத்துக்கொண்டே இருந்தது.

சாம்பல் வட்டங்கள்

1912இல் பிகாரும் ஒரிசாவும் வங்கத்திலிருந்து பிரிந்து தனி மாகாணமாகி, பாட்னா மறுபடியும் தலைநகரானது. அந்தக் குளிர்காலத்திலேயே தொல்லியலாளர் டி.பி. ஸ்பூனர் பாட்னாவின் குமராரில் மண்வெட்டியைப் போட்டார். செலவுக்குப் பணம் கொடுத்தவர் ரத்தன் டாட்டா. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் இளைய மகன்.

குப்தர் காலத்துச் செங்கல் சுவர்களுக்கு அடியில் கனமான சாம்பல் படலம் வந்தது. அதை அகற்றியபோது, ஒழுங்கான இடைவெளியில் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறைந்த குழிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு வட்டமும் ஒரு தூண் நின்ற இடம். எண்ணிப் பார்த்தால் 80 தூண்கள் கொண்ட பெருமண்டபம். தூண்கள் காசிக்குப் பக்கத்துச் சுனாரில் வெட்டிய மணற்கல். பெரும்பாலானவை சிதறித் துண்டுகளாகிவிட்டன. ஓரளவு முழுமையாக மிஞ்சியது ஒரு தூண். அதன் மேல் இன்னும் கண்ணாடிபோல் ஒரு வழுவழுப்பு இருக்கிறது. தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. கல் நின்றது, மேலே இருந்த மர விதானம் எரிந்து சாம்பலாக இறங்கியது. அந்த எரிப்பு கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நடந்தது என்பது 1951 முதல் 1955 வரை அங்கே மீண்டும் அகழ்ந்த அல்தேகர் குழுவின் முடிவு. மௌரியர் முடிந்து உட்பகையும் படையெடுப்பும் சூழ்ந்த அதே காலம். ஆயிரம் குடங்களை வைத்தாலும், அவற்றை ஏந்தி ஓடிவரும் கைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தால் தீயை யார் அணைப்பது?

மறுபடியும் பூத்த குசுமபுரம்

குப்தர்கள் காலத்தில் நகரம் துளிர்த்தது. சீனத்துப் பிக்கு பாகியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து மூன்று ஆண்டுகள் இங்கே தங்கி, சமஸ்கிருதம் கற்று, விநய நூல்களைப் படியெடுத்தார். அசோகரின் அரண்மனைச் சுவர்கள் அப்போதும் நின்றன. அவற்றின் வேலைப்பாட்டைப் பார்த்து, மனிதர் செய்ததாக இருக்க முடியாது, பூதங்களே கட்டியிருக்க வேண்டும் என்று எழுதினார். ஆண்டுதோறும் இரண்டாம் மாதம் 8ஆம் நாள் தேர்த்திருவிழா. மூங்கிலால் ஐந்து அடுக்காக எழுப்பிய நான்கு சக்கரத் தேர்கள் இருபது வரை வரும். இரவெல்லாம் விளக்கும் இசையும்.

அவர் பார்த்ததில் நான் பெரிதாக மதிப்பது அங்கிருந்த மருத்துவச் சாலைகளை. ஏழைகளும் ஆதரவற்றவர்களும் கை கால் முடங்கியவர்களும் வருவார்கள். மருத்துவர் நோயைப் பார்த்து, உணவும் மருந்தும் கட்டணமின்றிக் கொடுப்பார். குணமானதும் அவர்கள் தாமாகவே திரும்பிப் போவார்கள். இது பயணியின் மிகையாக இருக்குமோ என்ற ஐயம் எழலாம். குமராரின் குப்தர் காலச் செங்கல் கட்டடத்தில் அல்தேகர் குழுவுக்கு ஒரு சுடுமண் முத்திரை கிடைத்தது. ஆரோக்கிய விகாரத்துப் பிக்கு சங்கத்துடையது என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஒரு பானை ஓட்டில் தன்வந்திரியின் பெயர். விரல் நுனியில் நிற்கிற அந்த மண்கட்டி, சீன யாத்திரிகர் எழுதியதற்குச் சாட்சி சொல்கிறது.

476இல் பிறந்த ஆரியபட்டர், குசுமபுரத்தில் போற்றப்படும் அறிவைத் தாம் சொல்வதாகக் குறிப்பிட்டு, 23ஆம் வயதில் ஆரியபட்டீயத்தை எழுதினார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதம் 3.1416 என்றும், பூமி தன்னைத் தானே சுற்றுவதால்தான் விண்மீன்கள் நகர்வதுபோல் தெரிகின்றன என்றும் அதில் சொன்னார். குசுமபுரம் என்பது பாடலிபுத்திரத்தின் மறுபெயர். பூக்களின் நகரம் என்று பொருள்.

ஆறு விலகிய கதை

7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது பார்த்தது அடித்தளங்களை மட்டும். நூற்றுக்கணக்கான விகாரங்களில் நின்றவை இரண்டோ மூன்றோ. கங்கையை ஒட்டிச் சுமார் ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர் மிச்சமிருந்தது. இடையில் என்ன ஆயிற்று? குப்தப் பேரரசு சிதறியது; வணிகம் தளர்ந்தது. தொடர்மழையில் கங்கையும் சோணையும் பெருகி நகரத்தை அழித்ததைத் தித்தோகாலி என்ற சமண நூல் விவரிக்கிறது. சோணையும் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்தது. இன்று அது பாட்னாவுக்கு மேற்கே, மனேர் பக்கத்தில் கங்கையில் கலக்கிறது. குறுந்தொகைத் தலைவி சொன்ன யானைகள் இன்று நீராட வேண்டுமானால் பல மைல் நடக்க வேண்டும்.

ஆறு விலகியதால் நகரத்தின் அடையாளமும் தொலைந்தது. மெகஸ்தனிஸின் பாலிபோத்ரா கங்கையும் எரன்னபோவாஸ் என்ற ஆறும் கூடுமிடத்தில் இருக்கிறது. பாட்னாவில் அப்படி ஒரு கூடல் இல்லையே என்று 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் குழம்பினார்கள். பிரயாகை என்றவர்கள் உண்டு, கன்னோசி என்றவர்கள் உண்டு. 1793 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் கூட்டத்தில் வில்லியம் ஜோன்ஸ் முடிச்சை அவிழ்த்தார். சோணைக்கு ஹிரண்யபாகு, பொற்கையன் என்று ஒரு பழைய பெயர் இருப்பதைச் சமஸ்கிருத நூல் ஒன்றில் அவர் கண்டிருந்தார். கிரேக்கர் நாவில் அதுவே எரன்னபோவாஸ். அப்படியானால் பாலிபோத்ரா பாடலிபுத்திரம். அங்கே ஆண்ட சாண்ட்ரகோட்டஸ் சந்திரகுப்தன். அவன் செலூக்கஸின் காலத்தவன். செலூக்கஸின் ஆண்டுகள் தெரியும். பண்டைய இந்திய வரலாற்றுக்கு உறுதியான முதல் ஆண்டுக் கணக்கு இப்படிக் கிடைத்தது. ஓர் ஆற்றின் மறந்துபோன பெயரில் ஒரு நாட்டின் காலக் கணக்கு ஒளிந்திருந்தது.

நகரம் மறுபடி எழுந்தது 1541இல். வங்கத்திலிருந்து திரும்பிய சேர்ஷா கங்கைக் கரையில் நின்று யோசித்து, இங்கே ஒரு கோட்டை கட்டினால் இந்த ஊர் பெரிய நகரமாகும் என்று சொல்லித் தச்சர்களையும் கொத்தர்களையும் வரவழைத்ததாகத் தாரீக்-இ-தாவூதி கூறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சுனிதரும் வஸ்ஸகாரரும் நின்ற அதே கரை. அதே கணக்கு.

மண் வைத்திருப்பதும் வைக்காததும்

1917 அக்டோபரில், பாட்னாவின் கிழக்கே திதார்கஞ்சில் கங்கைக் கரைச் சேற்றிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். சுனார் மணற்கல்லில் செதுக்கி மெருகேற்றிய, ஏறத்தாழ ஆளுயர யட்சி. மௌரியர் காலத்தவள் என்றும், ஓரிரு நூற்றாண்டு பிந்தியவள் என்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இடக்கை இல்லை, மூக்கு நுனி சிதைந்திருக்கிறது. வலக்கையில் தோள்மேல் சாய்த்த சாமரம். கழுத்திலிருந்து மார்பின் நடுவே இறங்கும் முத்துவடம், இடையில் பல சரம் மேகலை, கால்களில் கனத்த தண்டை. லேசாக முன்னால் சாய்ந்து நிற்கிறாள். பிகார் அருங்காட்சியகத்தில் அவள் முன் நிற்கிறவர்களுக்கு, கல்லின் மேல் ஈரம் இருப்பதுபோலவே தோன்றும்.

அவளையும் ஆற்றங்கரைதான் காத்துக் கொடுத்தது. மதிலின் மரத்தைக் காத்ததும் ஈரம்தான். மண்டபத்தின் தூண்கள் நின்ற இடத்தை நமக்குக் காட்டியது சாம்பல். தீயும் வெள்ளமும் இந்த நகரத்தை அழித்தன. அழித்த கையோடு அடையாளத்தையும் விட்டுச் சென்றன. குமராரின் மண்டபத் தரையில் நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருந்ததால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அதைப் பழையபடி மண் போட்டு மூடியது. 1975 ஆகஸ்டில் சோணை கரையுடைத்துப் பாட்னாவுக்குள் புகுந்தது. அந்தப் பழைய பகை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் ஊர் அங்கேயே இருக்கிறது. தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் மக்கள் மீண்டு வந்து, அதே கரையில் மறுபடியும் வீடு கட்டினார்கள்.

மூன்றாவது பகைக்கு மட்டும் மண்ணில் தடயம் இல்லை. மகன் தந்தையைக் கொன்ற அறைக்கும், தளபதி மன்னனை வெட்டிய திடலுக்கும், ஒருவன் சொன்ன மெய்யை மற்றவன் நம்ப மறுத்த நாளுக்கும் எந்தப் படலமும் இல்லை. எவ்வளவு தோண்டினாலும் அது கைக்குக் கிடைக்காது. ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் அதை மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

பாடலி மரத்துக்குத் தமிழில் பாதிரி என்று பெயர். கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் அந்த மரத்தால் பெயர் பெற்ற ஊர். பழங்காலத்தில் அதுவும் பாடலிபுரம் என்ற பெயரில் புகழ்பெற்ற சமண நிலையமாக இருந்தது. காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டான 458இல், லோகவிபாகம் என்ற சமண நூல் அங்கேதான் எழுதி முடிக்கப்பட்டது. திருநாவுக்கரசர் தருமசேனராக இருந்ததும் அங்கேதான். சோணைக் கரையின் மரம் கெடிலக் கரையிலும் பூக்கிறது. மாசியும் பங்குனியும் தாண்டி வெயில் ஏறும் நாளில் அந்தப் பக்கம் போகிறவர்கள், கோயிலின் தலமரமான பாதிரியின் கீழ் ஒரு நிமிடம் நில்லுங்கள். உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு மாநகரத்தின் பெயர் அது.

(அடுத்த அத்தியாயம்: சிப்ரா நதிக்கரையில் உஜ்ஜயினி)